நல்ல தண்ணீர் பட்ட கல்

செம்பூர்
11 ஜூன் 2025

சாஜன் அண்ணே,

நேற்று ஜெயில் வாசலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் உள்ளே போன சிப்பாய் திரும்பி வந்து, "நஹி ஆயேகா போல்தா ஹை, மேடம்" என்றார். இது இரண்டாவது தடவை. கட்டினவள் என்று ஆனி மைனி வந்தால் வருகிறாய், தங்கச்சி வந்தால் வரமாட்டேன் என்கிறாய். சரி, பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் படிக்கவாவது செய்.

கோர்ட்டே உனக்கு ஒரு வக்கீலைப் போட்டுத் தந்திருக்கிறது. பெயர் ராபியா. மாட்டுங்காவில் ஆபீஸ். கேஸை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவரிடம் சொன்னதை அப்படியே உனக்கும் எழுதுகிறேன். நீ ஒன்று சொல்லி நான் ஒன்று சொன்னதாக ஆகிவிடக் கூடாது.

கடலோரச் சுவர் கட்டுவதற்காக அங்கே இருந்த பவளங்களைப் பாறையோடு பெயர்த்து, நான்கு கிலோமீட்டர் தள்ளி வேறு பாறையில் ஒட்டவைக்கும் வேலை. கம்பெனி வைத்த கடல் உயிரியல் ஆள் நான். முக்குளிக்கும் ஆட்கள் நீயும் சைஃபும். உன்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டது நான்தான். மார்ச் ஒன்றாம் தேதி காலை, கடல் நன்றாக உள்வாங்கியிருந்த இரண்டு மணி நேரத்தில் அறுபத்து மூன்று பவளக் கல் எடுத்தோம். மூன்றாம் நாள் அறுபத்து மூன்றும் வெளுத்துச் செத்துப்போயின. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த நானூற்றுச் சொச்சம் கல் பிழைத்துக்கொண்டன.

உப்பில்லாத நல்ல தண்ணீர் பட்டுத்தான் செத்தன என்று விசாரணைக் குழு சொல்லிவிட்டது. ரோட்டில் நின்ற டேங்கரிலிருந்து பைப் போட்டுக் கல் இருந்த சாக்கை நனைத்தது நீ என்று சைஃப் எழுதிக் கொடுத்துவிட்டான். சட்டத்தில் பவளத்தைக் கொன்றாலும் புலியைக் கொன்றாலும் ஒன்றுதான். போதாததற்கு, தூத்துக்குடியில் உன் பதினெட்டாவது வயதில் கடலில் பவளப் பார்க்கல் வெட்டிப் பிடிபட்டாயே, அந்தப் பழைய கேஸையும் கம்பெனி தோண்டி எடுத்துவிட்டது. பழைய குற்றவாளி என்றால் ஜாமீன் லேசில் கிடைக்காதாம்.

நான் அந்த நேரம் வேறு பக்கம் இருந்தேன், டேங்கரைப் பார்க்கவில்லை என்று ராபியா மேடத்திடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. சோப்பு, துண்டு, ஜெபமாலை, எதுவானாலும்.

லிசா

*

ஜெயில், பாரக் 4
24 ஜூன் 2025

லிசா பிள்ளைக்கு அண்ணன் எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே தமிழ் எழுத்தைப் பார்த்தால் அவர்களுக்குத் தலை சுற்றுகிறது. உதறிப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்றதும் சீல் குத்திக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதனால் நீ பயப்படாமல் எழுதலாம். நானும் பயப்படாமல்தான் எழுதுகிறேன்.

வந்த முதல் நாளே, "கிஸ் கேஸ் மே?" என்று கேட்டார்கள். கல்லைக் கொன்றதற்கு என்றேன். பாரக் கொட்டடியே விழுந்து விழுந்து சிரித்தது. கொலை, கொள்ளை, கள்ளநோட்டு எல்லாம் இருக்கிற இடத்தில் கல்லைக் கொன்றவன் நான் ஒருத்தன்தான். 'பத்தர் மர்டர்', அதாவது கல் கொலை, என்பதுதான் இப்போது என் பெயர். சாப்பாட்டு வரிசையிலும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

வேறு பக்கம் இருந்தேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் நானும் சிரித்துவிட்டேன். யாரும் படிக்காத கடிதத்தில் எனக்கே நீ கதை சொல்கிறாய். அன்று நடந்ததை உனக்கு மறந்துபோயிருந்தால் நான் சொல்கிறேன்.

கடல் தண்ணீர் இழுக்கிற பம்ப்பில் பிளாஸ்டிக் பை போய் அடைத்துக்கொண்டது. வெயில் வருவதற்குள் முடிக்க வேண்டும். லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறான். கல்லெல்லாம் சாக்கில் கிடக்கிறது. பதிமூன்று வயதிலிருந்து பார்க்கல் வெட்டியவன் நான். வெட்டின கல்லை நல்ல தண்ணீரில் அலசிப் போட வேண்டும், உப்புப் போனால்தான் காளவாசலில் சுண்ணாம்பு வெள்ளையாக வரும் என்று அப்பா அடித்து அடித்துப் பழக்கிய கை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். என் மூளை யோசிப்பதற்கு முன்னால் கை டேங்கர் பைப்பைத் திறந்துவிட்டது. இந்தக் கல் சுண்ணாம்புக்குப் போகவில்லை, பிழைக்கப் போகிறது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இதில் ஒளிவுமறைவு கிடையாது. கொன்றது நான்.

ஆனால் நீ வந்தாய். பைப்பைப் பார்த்தாய். சாக்கில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாய். உன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்ததை நான் பார்த்தேன். மேனேஜர் மேலே நின்று, "ஹோ கயா க்யா, மேடம்?" என்று கத்தினான். முடிந்துவிட்டது என்று நீயும் "ஹோ கயா" என்றாய்.

அதனால்தான் நீ என்னைப் பார்க்கப் போட்ட மனுவுக்கு நான் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் கேட்டுவிடுவேன். கேட்காமல் இருப்பதுதான் நல்லது என்று இருக்கிறேன். ஒருத்தர் உள்ளே இருந்தால் போதும். யார் கேட்டாலும் நீ அங்கே இல்லை என்றே சொல்வேன், பயப்படாதே. ஆனிக்கும் தெரியாது.

சோப்பு வேண்டாம். சொறிக்குப் போடுகிற களிம்பு அனுப்பு. இங்கே எல்லோருக்கும் சொறி.

சாஜன்

*

செம்பூர்
9 ஜூலை 2025

அண்ணே,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அடுப்பில் வைத்து எரித்துவிட்டேன். அதற்காக என்னைத் தப்பாக நினைக்காதே. என்னோடு அறையில் இருக்கும் சஃப்ரீனுக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் பயம்.

நன்றி என்று எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தாராவிக்கு மைனியைப் பார்க்கப் போனேன். மீன் குழம்பு வைத்துப் போட்டாள். எனக்கு நடு முள் இல்லாத துண்டாகப் பொறுக்கி வைத்துவிட்டு, "ஏட்டி லிசா, நீ படிச்ச பிள்ளைல்லா. ஒன் சாரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லேன். ஒன் பேச்சைக் கேப்பாவ. ஒங்க அண்ணனுக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா?" என்றாள். பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து லேபர் கேம்ப் முக்கு வரை என் பின்னாலேயே வந்தாள்.

நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய், நான் இங்கே வேலைக்குப் போகிறேன். ஏன் போகிறேன் என்றும் உனக்குத் தெரிய வேண்டும். பிழைத்த கல் நானூற்றுப் பன்னிரண்டு. மாதத்துக்கு இரண்டு தடவை அவற்றை எண்ணி அளந்து எழுதுவது நான் ஒருத்திதான். சுவர் இப்போது அந்தப் பாறைப் பக்கமும் நீண்டு வருகிறது. நான் கொடுக்கும் எண்ணை வைத்துத்தான் சுவர்க்காரர்களை இன்னும் முந்நூறு மீட்டர் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். என் கையெழுத்தை யாராவது சந்தேகப்பட்டால் அந்தக் கற்களுக்கு நாதி கிடையாது. இதை உன்னிடம் சாக்காகச் சொல்லவில்லை. சாக்கு மாதிரித்தான் இருக்கிறது, தெரிகிறது.

செத்த அறுபத்து மூன்றையும் போய்ப் பார்த்தேன். மேலே பாசி படிந்திருக்கிறது. பாசிக்கு நடுவில் குண்டூசித் தலையளவில் ஏதோ புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. லேபுக்கு எடுத்து வந்திருக்கிறேன். என்ன என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

களிம்பு மைனியிடம் கொடுத்துவிட்டேன்.

லிசா

*

ஜெயில், பாரக் 4
28 ஜூலை 2025

லிசா,

ராபியா மேடம் வந்திருந்தார். சின்னப் பொண்ணுதான், ஆனால் கெட்டிக்காரி. கோர்ட்டில் கம்பெனி தாக்கல் பண்ணிய காகிதக் கட்டைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். அதில் உன் லாக் புக் நகல் இருந்தது.

மார்ச் ஒன்று. காலை ஏழு பத்து. சாக்குத் தண்ணீரின் உப்பு முப்பத்தைந்து. லி. சேசுராஜ் என்று அழகாகக் கையெழுத்து.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. மேடம் விளக்கிச் சொன்னார். முப்பத்தைந்து என்றால் சுத்தமான கடல் தண்ணீராம். அப்படியானால் ஏழு பத்துக்கு எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. அதிகாரி அளந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, அவள் கண்ணில் படாமல், இந்தப் பழைய கல் திருடன் வேண்டுமென்றே நல்ல தண்ணீரை ஊற்றிக் கொன்றிருக்கிறான் என்றாகிறது. அரசு வக்கீல் இந்த ஒரு வரியைத்தான் பிடித்துத் தொங்குகிறாராம். "அந்த ஒரு நம்பர் இல்லைன்னா இது வெறும் கவனக்குறைவு, பெயில் வாங்கிடலாம்" என்றார் மேடம். இந்த லி. சேசுராஜ் என் தங்கச்சி லிசாதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பிள்ளை, நீ அங்கே இல்லை என்று சொல்வேன் என்று நான் எழுதியது உண்மை. பார்க்கவில்லை என்று நீ சொன்னால் அது பயம். எனக்குப் புரியும். ஆனால் உப்பு அளக்கும் மீட்டரைப் போடாமல் முப்பத்தைந்து என்று எழுதினாயே, அந்த எண்ணை என் கழுத்தில் கட்டிவிட்டு நானூறு கல்லைக் காப்பாற்றுகிறேன் என்கிறாயே. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியும் என்னிடம், பாவமும் என்னிடம், உனக்குச் சம்பளம் மட்டும். இப்படி எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன், அடித்து அழிக்கவில்லை.

இப்போது கேட்கிறேன். கேட்காமல் இருக்கலாம் என்றுதான் மனுவுக்கு வராமல் இருந்தேன், முடியவில்லை. நீ ஒரு அஃபிடவிட் கொடு. அன்று மீட்டர் போடவில்லை, சும்மா கணக்குக்கு எழுதினேன், தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எனக்குத் தெரியும் என்று மூன்று வரி. செப்டம்பர் பத்தாம் தேதி ஜாமீன் விசாரணை. அதற்குள் வேண்டும்.

என் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிறாள். அப்பா கப்பலில் இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாளாம்.

சாஜன்

*

செம்பூர்
19 ஆகஸ்ட் 2025

அண்ணே,

உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

இந்த மாதம் பீச்சில் கால் வைக்க முடியவில்லை. நம் ஊர்ச் சொறி மீன், இங்கே ஜெல்லி ஃபிஷ் என்பது, கரையெல்லாம் ஒதுங்கிக் கிடக்கிறது. குழந்தைகளுக்குக் கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வருஷா வருஷம் மழைக்காலத்தில் வருவது வழக்கம்தான், நீலமாக, காற்றில் அடித்து. இந்தத் தடவை அவற்றோடு வெள்ளைக் குடை மாதிரி வேறு வகையும் சேர்ந்திருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

செத்த கல்லில் ஒட்டியிருந்த புள்ளிகள் என்று எழுதினேன் அல்லவா? அவை சொறிக் குஞ்சுகள். சொறியும் பவளமும் ஒரே வம்சம். இரண்டுக்கும் கொட்டும் முள் உண்டு. இரண்டும் பிறந்ததும் கெட்டியான இடம் தேடி ஒட்டிக்கொள்ளும். பவளம் அங்கேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிடும். சொறி கொஞ்ச நாள் பூப்போல நின்றுவிட்டு, அடுக்கி வைத்த தட்டு ஒவ்வொன்றாகக் கழல்வது போலக் கழன்று நீந்திப் போய்விடும். உயிருள்ள பவளம் இந்தக் குஞ்சுக்கு இடம் கொடுக்காது. மேலே வந்து உட்கார்ந்தால் கொட்டித் தின்றுவிடும். கல் இடுக்கில் ஒண்டியிருக்கும் சின்ன மீன்கள் மிச்சத்தைக் கொறித்துவிடும். கல் செத்ததும் மீன் போயிற்று. மீன் போனதும் இவற்றுக்குக் கேட்பாரில்லை. செத்த கல், புதுச் சுவரின் சிமென்ட், மிதவை, கயிறு என்று எங்கே பார்த்தாலும் குடியேறிவிட்டன. ஒரு கல்லில் மட்டும் நான் எண்ணியது ஆயிரத்து நூறு.

மும்பைக் கடலில் இதை இப்படிப் பார்த்து எழுதியவர்கள் யாரும் இல்லை என்று லேபில் சொல்கிறார்கள். இதை வைத்து மூன்று வருஷத் திட்டம் ஒன்று வருகிறது. என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அக்டோபரில் கையெழுத்தாகும்.

உனக்கு இதைப் படித்தால் எரியும். என் அண்ணன் ஜெயிலில் இருக்கிற அதே அறுபத்து மூன்று கல்லின் மேல் நின்றுதான் எனக்குப் பெயர் வருகிறது. எனக்கே தெரிகிறது.

அஃபிடவிட் பற்றி. அது மூன்று வரிதான். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று ராபியா மேடத்திடம் நானே போய்க் கேட்டேன். பொய்யாகப் பதிந்ததற்கு என் மேலும் கேஸ் வரும், உள்ளே போகவும் நேரலாம் என்றார். வேலை போகும். இதுவரை நான் எழுதிய எல்லா எண்ணும் பொய் என்பார்கள். அந்த நானூற்றுப் பன்னிரண்டு கல்லுக்கு முன்னால் மறுநாளே சிமென்ட் லாரி வந்து நிற்கும். நான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அக்டோபர் வரை பொறு. திட்டம் கையெழுத்தாகி, கற்களைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் வந்துவிட்டால் கொடுத்துவிடுகிறேன். பத்தாம் தேதி விசாரணையைத் தள்ளிவைக்கச் சொல்ல முடியுமா?

லிசா

*

ஜெயில், பாரக் 4
15 செப்டம்பர் 2025

லிசா,

தள்ளிவைக்கவில்லை. தள்ளுபடி பண்ணிவிட்டார்கள். ஏழு நிமிஷத்தில் முடிந்தது. நீதிபதி உன் முப்பத்தைந்தைச் சத்தமாக வாசித்தார்.

ஆனி கோர்ட் வாசலில் உன்னைத் தேடிக்கொண்டிருந்தாள். "லிசாவுக்கு லீவு கெடச்சிருக்காது" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

சொறியைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்திருந்தாய். நல்லது. எங்களுக்கும் கொஞ்சம் தெரியும். பவளப் பார் இருந்த காலத்தில் சொறி விருந்தாளி மாதிரி வரும், நாலு நாள் இருக்கும், போய்விடும். ஆமை தின்னும். வாவல் மீன் குஞ்சு அதன் குடைக்கு அடியில் ஒளிந்து வளரும். யாரும் அதைத் திட்டமாட்டார்கள். நாங்கள் பாரை வெட்டி வள்ளம் வள்ளமாகக் காளவாசலுக்கு அனுப்பிய பிறகுதான் அது வீட்டுக்காரன் ஆயிற்று. வலையை இழுத்தால் மீன் இருக்காது, சளிதான் இருக்கும். அப்பாவின் கை கொப்பளித்துப் போய், சோற்றைப் பிசைய முடியாமல் ஐந்து வயதுப் பிள்ளையான உன்னை ஊட்டிவிடச் சொல்லிச் சாப்பிட்டார். உனக்கு நினைவிருக்காது.

நாங்கள் வயிற்றுக்காக வெட்டினோம். பிடித்தார்கள், அபராதம் கட்டினேன், ஊரை விட்டேன், உன்னையும் இழுத்துக்கொண்டு தாராவிக்கு வந்தேன். அந்தக் கடலுக்குச் செய்த பாவத்துக்கு ஒரு கல்லையாவது உயிரோடு ஒட்டவைக்கலாம் என்றுதான் நீ கூப்பிட்டதும் ஓடிவந்தேன். சம்பளம் என்ன என்று கூட உன்னிடம் கேட்கவில்லை. நான் ஒட்டவைத்ததில் நானூறு பிழைத்தது என்று நீ எழுதியதை வாசித்துவிட்டு, பாரக்கில் ஒவ்வொருத்தனிடமும் சொன்னேன்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்து எத்தனை நாள் நிற்பாய்? கொடுப்பதானால் கொடு. மாட்டேன் என்றால் மாட்டேன் என்று எழுது. இந்த அக்டோபர் கதை வேண்டாம்.

சாஜன்

*

செம்பூர்
20 நவம்பர் 2025

அண்ணே,

இரண்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. மைனி வீட்டுக்கும் போகவில்லை. அவள் போன் செய்தால் எடுப்பதில்லை.

நானூற்றுப் பன்னிரண்டில் இப்போது முப்பத்தெட்டுதான் உயிரோடு இருக்கிறது. அக்டோபர் வெயிலில் தண்ணீர் கொதித்துக் கிடந்தது. சுவர் வேலைச் சேறு மேலே படிந்து மூச்சுவிட முடியாமல் போயிற்று. ஒவ்வொரு தடவை எண்ணப் போகும்போதும் இருபது, முப்பது என்று குறைந்தது. முந்நூறு மீட்டர் இப்போது எண்பது மீட்டர் ஆகிவிட்டது. என் எண்ணை யாரும் சந்தேகப்படவில்லை. யாரும் படிக்கவும் இல்லை. புதுத் திட்டத்தில் பவளம் என்ற வார்த்தையையே எடுத்துவிட்டார்கள். சொறி மட்டும்தான். அக்டோபரில் ஆக வேண்டியது தள்ளிப்போய், நேற்றுக் கையெழுத்துப் போட்டேன்.

உனக்கு நான் சொன்ன காரணம் எதுவும் மிச்சமில்லை. அதனால் கீழே எழுதுகிறேன்.

சேசுராஜ் மகள் லிசா ஆகிய நான் எழுதிக் கொடுப்பது. 2025 மார்ச் 1 காலை ஏழு பத்துக்கு நான் அந்த இடத்தில்தான் இருந்தேன். டேங்கர் பைப் சாக்கின் மேல் ஓடுவதைப் பார்த்தேன். தொட்டுச் சுவைத்துப் பார்த்தேன், உப்பு இல்லை. மீட்டர் என் பையிலேயே இருந்தது, வெளியே எடுக்கவில்லை. கற்கள் நாற்பது நிமிஷமாக அதில் ஊறிவிட்டன, இனிப் பிழைக்காது என்று அப்போதே எனக்குத் தெரியும். சொன்னால் வேலை நிற்கும், பழி என் மேல் விழும், அடுத்த காண்டிராக்ட் எனக்குக் கிடைக்காது என்று நினைத்து, லாக் புக்கில் 35 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாஜன் வேண்டுமென்று செய்யவில்லை. தடுத்திருக்க வேண்டியவள் நான்.

லி. சேசுராஜ்

இதை என்ன செய்வது என்று உன்னிடமே விடுகிறேன். ராபியா மேடத்திடம் கொடுக்க வேண்டும் என்றால் கொடு. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை.

லிசா

*

ஜெயில், பாரக் 4
29 நவம்பர் 2025

பிள்ளை,

மூன்று நாள் உன் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு வரியும் மனப்பாடம். மீட்டர் பையிலேயே இருந்தது என்று எழுதியிருந்த இடத்தில் அழுதுவிட்டேன். எனக்குக் கோபம் போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. நீ என் தங்கச்சி என்பதை மறுபடி எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

ஆனால் இதை நான் கொடுக்கமாட்டேன். நான் கொடுத்தால் தங்கச்சியைக் காட்டிக்கொடுத்து வெளியே வந்தவன் ஆவேன். ஆனி முகத்திலும் விழிக்க முடியாது, அம்மா கல்லறைக்கும் போக முடியாது. நீ கொடுத்தால்தான் அது உண்மை.

காகிதத்தைக் காட்டாமல் மேடத்திடம் கேட்டும் பார்த்தேன். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது, எழுதிய ஆள் நேரில் வந்து நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஹைகோர்ட்டில் டிசம்பர் பன்னிரண்டாம் தேதி ஜாமீன் மனு வருகிறது. இதையும் விட்டால் கேஸ் முடிய நாலைந்து வருஷம் ஆகும். அது வரைக்கும் உள்ளேதான்.

ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை வா. வாரத்துக்கு ஒரு பார்வை மனுதான். அன்று ஆனியை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், முறையை உனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள். நான் வருவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்துவிட்டு அங்கிருந்து நேரே மாட்டுங்காவுக்குப் போ. மேடம் ஆபீஸில் காத்திருப்பார்.

நீயும் உள்ளே போக நேர்ந்தால் போவோம். நான் முதலில் வந்துவிட்டால் உனக்குக் களிம்பு நான் கொண்டுவந்து தருவேன்.

அண்ணன்

*

செம்பூர்
10 டிசம்பர் 2025

அண்ணே,

நேற்று நான் வந்திருந்தேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

காலை எட்டு மணிக்கே வந்து பெயர் கொடுத்துவிட்டு, கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினொன்று இருபதுக்கு, "சாஜன் சேசுராஜ் கா முலாகாத்" என்று பார்வைக்குக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண், "ஆப் கா ஹை க்யா?", உங்களுடையதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை என் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். உள்ளே கதவு திறந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் தோள் தெரிந்தது. நீ சட்டை மாற்றி, தலை வாரி உட்கார்ந்திருந்தாய். கதவு மூடிவிட்டது.

ஒன்றும் தடுக்கவில்லை. ரயில் ஓடியது, லீவு போட்டிருந்தேன், உடம்புக்கும் ஒன்றும் இல்லை. உன் முகத்தைப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு மாட்டுங்காவுக்குப் போகாமல் இருக்க முடியாது என்று தெரிந்தது. அதனால்தான் எழுந்திருக்கவில்லை. பயம்தான் அண்ணே. வேறு பெயர் அதற்கு இல்லை.

ராபியா மேடம் ஆறு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. பன்னிரண்டாம் தேதிக்கு நான் வரப்போவதில்லை. மைனியிடம் நீ என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. எதைச் சொன்னாலும் அது எனக்குத் தகும்.

முப்பத்தெட்டில் பதினொன்று மிச்சம். திட்டத்தில் அதை எண்ணச் சொல்லவில்லை. நானாகத்தான் எண்ணினேன்.

நவம்பரில் உனக்கு எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் கேட்கிறேன். அந்தக் காகிதம் இன்னும் உன் சட்டைக்குள்தான் இருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிடு, அண்ணே.

லிசா